ஒன்று புள்ளி மூன்றில் ஒரு குழி

7

குழிக்குக் காவல் வைத்துவிட்டுப் போகிற திருடனைப் பற்றிக் கண்டக்டரம்மா அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டாள்.

சாலை ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. தோண்டிய மண் சிதறாமல் ஒரு பக்கமாகக் குவித்திருந்தது. நடுவில் ஒரு குச்சி. குச்சி நுனியில் ஒரு சிவப்புக் கைக்குட்டை. வருகிறவர் போகிறவர் யாரும் தெரியாமல் காலை விட்டு ஒடித்துக்கொள்ளக் கூடாது என்று யாரோ மெனக்கெட்டுக் கட்டியிருந்தார்கள்.

“என் பஸ்ல எத்தனையோ பிக்பாக்கெட்டைப் பார்த்திருக்கேன் சார். பர்ஸை அடிச்சிட்டு, ‘படியில பார்த்து இறங்குங்க’ன்னு சொன்னவன் ஒருத்தனும் கிடையாது” என்றாள்.

அவள் இப்போது உதவிக்கு இருக்கும் துப்பறிவாளர் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்கு எப்போதும் ஒரு ஸ்டாப்பிங் தாமதமாகும். குனிந்து கைக்குட்டையின் முடிச்சைப் பார்த்தார். வண்டிச் சக்கரத்தின் தடம் குழியிலிருந்து கிளம்பி, ஊருக்கு எதிர்த் திசையில் வளைந்து, தார்ச் சாலையில் ஏறியதும் மறைந்துபோயிருந்தது.

“பித்தளைக்காகத் திருடினவன் பழைய இரும்புக் கடைக்குப் போவான். கடையெல்லாம் ஊருக்குள்ள இருக்கு. இந்த வண்டி வெளியில போயிருக்கு” என்றார் அவர்.

திருடு போனது ஒரு நட்சத்திரம்.

நட்சத்திரம் என்றால் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற ஒரு கருங்கல். அதன் தலையில் ஒரு பித்தளைத் தகடு. அதிலிருந்து ஒன்று புள்ளி மூன்று மைல் பின்னால், கோளரங்கத்தின் வாசலில், இன்னொரு தகடு உண்டு. அதில் ஒரு புள்ளிதான் சூரியன். சூரியனிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி பூமி. முப்பது அங்குலத்தில் நெப்டியூன். அப்படியே சாலையோடு நடந்துபோனால் சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் இந்தக் கல். பதினெட்டு வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நடந்துவந்து இதைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கைப் போட்டவர் கோளரங்கத்தின் கணக்கர். ஊரே அவரை ‘அங்குலம் சார்’ என்றுதான் கூப்பிடும். ஓய்வுபெற்று இரண்டு வருஷமாகிறது. அன்று விடியுமுன் கடப்பாரையோடு வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை.

கல் எங்கே என்பது கோளரங்க இயக்குநரின் கவலை. மனுஷன் எங்கே என்பது அவர் மனைவியின் கவலை. காலை ஒன்பது மணிக்கு அந்த அம்மாள் துப்பறிவாளரின் மாடி அறைக்கு வந்தபோது அழவில்லை. மேஜைமேல் ஒரு சின்ன மாத்திரை டப்பாவை வைத்தாள். அவ்வளவுதான். கணவருக்கு ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்திருக்கிறது. நிறைகுடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நெஞ்சைப் பிடித்தால் உடனே நாக்கின் அடியில் வைக்க வேண்டிய மாத்திரை அது. அதை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் ஒரு துண்டுச் சீட்டில் தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தாள். உருண்டையான, நிதானமான கையெழுத்து. மூன்றுகளுக்கெல்லாம் தொப்பி வைத்ததுபோலத் தட்டையான தலை. பிறகு டப்பாவை எடுத்துக் கண்டக்டரம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“நீ வேகமா ஓடுவே போலத் தெரியுது தங்கச்சி. உன்கிட்டயே இருக்கட்டும்.”

கண்டக்டரம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துதான் பஸ் வேலை போனது. அதைச் சொல்லாமல் டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இப்போது மணி பதினொன்று. டப்பா அவள் இடுப்பில் இருந்தது. கழுத்தில் பழைய வேலையின் விசில். வேலையை விட்டு ஐந்து வருஷமாகியும் அதை மட்டும் அவள் கழற்றவில்லை.

“கல்லு எங்க போகும்?” என்று துப்பறிவாளர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். “எங்கிருந்து வந்ததோ அங்க போகும்.”

இரண்டாவது மைலில் சாலை மூன்றாகப் பிரிகிறது. இடது கிளை கல்குவாரியில் போய் முடியும். ஸ்கூட்டரை அந்தப் பக்கம் திருப்பினார். குவாரியில் கல் உடைக்கிறவர்களைக் கேட்டார்கள், லாரி எண் குறிக்கிறவரைக் கேட்டார்கள். யாரும் ஒரு கிழவரையும் பார்க்கவில்லை, ஒரு வண்டியையும் பார்க்கவில்லை. போய்வந்ததில் முக்கால் மணி நேரம் தண்ணீராய்ப் போயிற்று.

திரும்புகிற வழியில் துப்பறிவாளர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

“நான் புத்திசாலின்னு நினைச்சு ஒரு மனுஷனோட முக்கால் மணி நேரத்தைச் செலவு பண்ணிட்டேன்” என்றார்.

அவளுக்கு இதற்கும் ஒரு நையாண்டி தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். சில சமயம் பேசாமலிருப்பதும் ஒரு உதவிதான். வாயாடி செய்தால் அது கொஞ்சம் பெரிய உதவி.

கோளரங்கத்துக்கே திரும்பினார்கள். வாசலில், சூரியன் இருந்த தகட்டுக்குப் பக்கத்துப் படியில், அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். இவர்களைக் கண்டதும் எழுந்தாள். இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துகொண்டாள். ஏதாவது கேட்டிருந்தால் தேவலை என்று கண்டக்டரம்மாவுக்குத் தோன்றியது.

இயக்குநர் இளவயசுக்காரர், பதவிக்குப் புதுசு. கெட்டவர் என்று சொல்ல முடியாது. எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார், அவ்வளவுதான். நாளைக் காலை பத்து மணிக்கு நில அளவைக்காரர்கள் வருகிறார்கள், புது வரைபடம் அச்சிடுவதற்கு எல்லாக் கற்களையும் அளக்கப் போகிறார்கள் என்று படபடத்தார். போன வாரமே மரியாதைக்கு அங்குலம் சாருக்கும் கடிதம் போட்டாராம். எதிலாவது பிசகு இருந்தால் பழைய கோப்பைப் பிரித்து, யார் கையெழுத்தோ அவர் பெயரோடு மேலிடத்துக்கு எழுதுவேன் என்றும் அதில் சொல்லியிருந்தாராம்.

“அந்தக் கடிதாசி வந்த நாள்லேர்ந்து அவர் தூங்கல” என்று அந்த அம்மாள் காலையில் சொன்னது கண்டக்டரம்மாவுக்கு நினைவு வந்தது. துப்பறிவாளருக்கும் வந்திருக்க வேண்டும். அவர் கோப்பைக் கேட்டார்.

பதிவறையில் பழங்காகித வாசனை தும்மலை வரவழைத்தது. கோப்பில் இரண்டே தாள்கள்தான் முக்கியம். ஒன்று அங்குலம் சாரின் கைப்பிரதி. எறும்பு ஊர்வதுபோலச் சாய்ந்த எழுத்து. இன்னொன்று கல் தச்சருக்குக் கொடுத்த சுத்தப் பிரதி, உருண்டை எழுத்து.

கைப்பிரதியில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரே எண்தான், வரியின் கடைசியில். பூமி ஒன்று. நெப்டியூன் முப்பது. நட்சத்திரத்தின் வரியில் மட்டும் மூன்று எண்கள் வரிசையாக நின்றன: இரண்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரம், நாலு புள்ளி இரண்டு நாலு, ஒன்று புள்ளி மூன்று.

“ஒரே இடத்துக்கு மூணு டிக்கெட்டா?” என்றாள் கண்டக்டரம்மா.

ஒரே தூரம், மூன்று அளவைகள் என்று துப்பறிவாளர் விளக்கினார். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் வானியல் அலகு. அது இங்கே ஒரு அங்குலம். வெளிச்சம் ஒரு வருஷம் ஓடுகிற தூரம் ஒளியாண்டு. ஒரு ஒளியாண்டில் அறுபத்துமூவாயிரத்துச் சொச்சம் வானியல் அலகுகள். ஒரு மைலில் அறுபத்துமூவாயிரத்துச் சொச்சம் அங்குலங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்தது ஆண்டவன் விளையாட்டு. அதனால் இந்தச் சாலையில் ஒரு மைல் என்பது ஒரு ஒளியாண்டு. மூன்றாவது அளவை பார்செக். அது மூன்றேகால் ஒளியாண்டுக்குச் சற்றுக் கூட.

“கிரகத்துக்கெல்லாம் ஒரு எண்ணோட நிறுத்தின மனுஷன், நட்சத்திரத்துக்கு வந்ததும் கை நிக்காம மூணு விதமா மாத்திப் பார்த்திருக்கார். ஆசைதான். நகல் எடுத்தவங்க பழக்கப்படி ஒவ்வொரு வரியிலும் கடைசி எண்ணை எடுத்துட்டாங்க.”

சுத்தப் பிரதியில் தெளிவாக இருந்தது: 1.3 மைல்.

கண்டக்டரம்மா விரலை மடித்தாள். ஒன்று புள்ளி மூன்றை மூன்றேகாலால் பெருக்கினால் நாலேகால் கிட்ட. இருபது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் சில்லறைக் கணக்குப் போட்ட மூளை அது.

“அப்ப நம்ம நட்சத்திரம் பதினெட்டு வருஷமா தப்பான ஸ்டாப்பிங்ல இறங்கி நிக்குது. மூணு ஸ்டேஜ் முன்னாடியே.”

“அவர் கல்லைத் திருடல. சேர வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோறார். நாளைக்கு அளக்கறதுக்குள்ள.” துப்பறிவாளர் எழுந்துவிட்டார். “ஆனா மூணு ரோடு இருக்கே. எதுல?”

இந்தக் கேள்விக்குப் பதில் அவளிடம் இருந்தது. அந்த மூன்று தடத்திலும் அவள் டிக்கெட் கிழித்திருக்கிறாள்.

“குவாரி ரோடு மூணாவது மைல்ல முடிஞ்சிடும். வலது பக்க ரோடு மூணரையில ஆத்தங்கரை. நாலேகால் மைல் போகணும்னா நடு ரோட்டை விட்டா வேற ரோடே கிடையாது சார்.”

துப்பறிவாளர் சுத்தப் பிரதியைக் கோப்பில் திரும்ப வைக்குமுன் ஒரு கணம் தயங்கினார். சட்டைப்பையிலிருந்து அந்த அம்மாளின் துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்தார். அவர் என்ன பார்த்தார் என்று கேட்கக் கண்டக்டரம்மாவுக்கு நேரமில்லை. படியில் பாதி தூரம் இறங்கியிருந்தாள்.

நடு ரோட்டில் நாலாவது மைல்கல்லுக்குப் பக்கத்தில், ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர் நிழலில், அவர் இருந்தார்.

தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வியாபாரி வண்டியை நிறுத்திவிட்டு இளைப்பாறுகிறார் என்றுதான் தோன்றும். அப்படித் தோன்றித்தான் காலையிலிருந்து எத்தனையோ வண்டிகள் தாண்டிப் போயிருந்தன. யாரைக் குற்றம் சொல்வது? நாமும் எத்தனை பாலங்களைத் தாண்டிப் போயிருக்கிறோம்.

ஆனால் ஒருவர் நின்றிருக்கிறார். தள்ளுவண்டி சரிவில் உருளாமலிருக்கச் சக்கரத்துக்கு யாரோ செங்கல் அணை கொடுத்திருந்தார்கள். அவர் தலையில் ஈரத் துண்டு. பக்கத்தில் பாதி காலியான தண்ணீர் பாட்டில். நின்றவர் லாரிக்காரர் ஒருவர் என்று பிறகு தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று மன்றாடியிருக்கிறார். கல்லை விட்டு வரமாட்டேன் என்று இவர் பிடிவாதம் பிடித்திருக்கிறார். அந்த மனிதர் தன்னால் ஆனதைச் செய்துவிட்டுப் போயிருந்தார்.

கண்டக்டரம்மா முழங்காலை மறந்து ஓடினாள். மாத்திரையை அவர் நாக்கின் அடியில் வைத்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. துப்பறிவாளர் ஆம்புலன்சுக்குப் பேசினார். நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். கெஞ்சினார். நாற்பது நிமிஷம்தான் என்றார்கள்.

நாற்பது நிமிஷம். ஸ்கூட்டரில் உட்கார வைக்க முடியாது. நின்ற இரண்டு கார்களில் ஒன்றில் இடமில்லை. மற்றவர் பயந்துபோய்க் கிளம்பிவிட்டார். அசைக்காதீர்கள் என்று தொலைபேசியில் சொன்ன குரல் எச்சரித்திருந்தது. துப்பு துலக்கி முடிந்துவிட்டது. மூளையால் செய்ய வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. கையால் செய்யக்கூடியதும் எதுவும் இருக்கவில்லை. கண்டக்டரம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு துண்டால் விசிறினாள். துப்பறிவாளர் வெயில் விழுந்த பக்கமாகப் போய் நின்று தன் நிழலை அவர் மேல் விழ வைத்தார். அதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

அங்குலம் சார் கண்ணைத் திறந்தார்.

“இன்னும் பதினஞ்சாயிரம் அங்குலம்தான்” என்றார்.

“பேசாதீங்க அண்ணே.”

அவர் பேசினார். கல் நட்டு மூன்று வருஷம் கழித்துத்தான் பிசகு தெரிந்ததாம். சுத்தப் பிரதியை எடுத்துப் பார்த்தாராம். அந்தக் காலத்தில் அவருடைய கணக்குகளையெல்லாம் இரவு சமையல் முடித்துவிட்டு அவர் மனைவிதான் அழகாக நகல் எடுத்துக் கொடுப்பாள். சம்பளம் இல்லாத வேலை. ‘உன் நகல்ல ஒரு புள்ளிகூடத் தப்பாது’ என்று அவளிடம் அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவள் வாழ்நாளில் கேட்ட ஒரே பாராட்டு அதுதான்.

“நாளைக்குக் கோப்பைப் பிரிச்சா அவ எழுத்தைத்தான் பார்ப்பாங்க. அவகிட்ட சொல்லிடாதீங்க” என்றார். “தப்பு என்னோடது. நான் ஒரு எண்ணோட நிறுத்தியிருக்கணும்.”

கண்டக்டரம்மா துப்பறிவாளரை நிமிர்ந்து பார்த்தாள். தட்டைத் தலை மூன்று, துண்டுச் சீட்டிலும் சுத்தப் பிரதியிலும். பதிவறையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆம்புலன்ஸ் ஐம்பது நிமிஷம் கழித்து வந்தது. அவரை ஏற்றிக்கொண்டது. வழியில் கோளரங்க வாசலில் நின்று அந்த அம்மாளையும் ஏற்றிக்கொள்ளும்படி துப்பறிவாளர் சொல்லி அனுப்பினார். உள்ளே இருந்த நர்ஸின் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று கண்டக்டரம்மா தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. கதவு மூடியது.

சாலையில் இரண்டு பேரும் ஒரு தள்ளுவண்டியும் மிச்சம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே துப்பறிவாளர் அவளுக்கு ஒரு விதி சொல்லியிருந்தார்: கண்டுபிடிப்பதோடு நம் வேலை சரி, எதையும் இடம் மாற்றக் கூடாது. இந்த ஐந்து வருஷத்தில் ஒரு காபி டம்ளரைக்கூட அவர் நகர்த்தியதில்லை. இப்போது அவர் குனிந்து சக்கரத்தின் செங்கல்லை எடுத்தார்.

“ரைட் கொடுங்க கண்டக்டரம்மா” என்றார்.

அவள் விசிலை ஊதினாள்.

கால் மைல்தான். ஆனால் கல் ஒரு ஆள் கனம். வண்டிக்கோ ஒரு சக்கரம் கோணல். பத்தடிக்கு ஒருமுறை நின்றார்கள். இரண்டே முக்கால் மைல் இந்தக் கனத்தை ஒரு நோயாளி எப்படித் தள்ளினார் என்பதற்கு எந்த அளவையிலும் கணக்கு இல்லை. இடம் தேட வேண்டியிருக்கவில்லை. அங்குலம் சார் முன்னதாகவே வந்து அளந்து, ஒரு முளைக்குச்சி அடித்து வைத்திருந்தார். அவருடைய கடப்பாரையாலேயே தோண்டினார்கள். கல்லை நிறுத்தி, மண்ணைத் தள்ளி மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். துப்பறிவாளர் தகட்டைத் தன் சட்டை நுனியால் துடைத்தார். திரும்புகிற வழியில் பழைய குழியையும் மூடினார்கள். கைக்குட்டையை அவள் மடித்து எடுத்துக்கொண்டாள்.

இயக்குநரிடம் துப்பறிவாளர் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: கல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, நாளைக்கு அளந்து பாருங்கள். காகிதமும் கல்லும் ஒத்துப்போகுமா என்று மட்டும் இயக்குநர் கேட்டார். கைப்பிரதியோடு ஒத்துப்போகும் என்றார் இவர். இயக்குநர் பெருமூச்சு விட்டுக் கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாலை வெயில் பெஞ்சுக்கு அடியில் நீண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அங்குலம் சார் குழாய்களுக்கு நடுவே கிடந்தார். இரண்டு நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையிலேயே வந்திருந்தால் என்று தொடங்கியவர், அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லாமல் போனார். துப்பறிவாளர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அந்த முக்கால் மணி நேரம் அவரை உட்கார விடவில்லை.

கண்டக்டரம்மா மடித்த கைக்குட்டையை அந்த அம்மாளின் பக்கத்தில் வைத்தாள். அவளுக்குப் பொய் சொல்லவும் மனசில்லை, அங்குலம் சார் கேட்டுக்கொண்டதை மீறவும் மனசில்லை. அதனால் உண்மையில் ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்துச் சொன்னாள்.

“நாலாவது மைல்கல்லுகிட்ட உட்கார்ந்திருந்தார் அக்கா. கல்லு இப்ப சரியான இடத்துல நிக்குது. நானே கண்ணால பார்த்துட்டு வந்தேன்.”

அந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துத் தடவினாள். பிறகு கேட்டாள்:

“நாலாவது மைல்லயா உட்கார்ந்திருந்தார்? அப்போ மீதி கால் மைலை யார் தள்ளினது?”

கதவோரம் நின்ற துப்பறிவாளர் திரும்பினார். நாலேகால் என்ற எண்ணை அந்த அம்மாளிடம் அவர்கள் யாரும் சொல்லவில்லை.

“அந்த நகலை எழுதினது நான்தானே” என்றாள் அவள் மெதுவாக. “எனக்குத் தெரிஞ்சு பதினாறு வருஷமாச்சு. சொன்னா அவர், தான் மூணு எண் எழுதினதாலதான்னு தன்னையே நொந்துக்குவார்னு வாயைத் திறக்கல. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேண்டாம் தங்கச்சி.” கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். “அவர் எழுந்தா.”

கண்டக்டரம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். கொப்புளங்கள் உடைந்து மண் ஒட்டியிருந்தது.

அந்த அம்மாள் அந்தக் கைகளைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு கொப்புளமாக, நகல் எடுக்கிற நிதானத்தோடு, துடைக்கத் தொடங்கினாள்.